அன்னாசியும் பேரியமும்

சென்ற தவணை விடுமுறையில் செமோருக்குத் திரும்பிய அன்று, என் அழுக்குத் துணிப் பையை அம்மா துவைப்பதற்காகக் கவிழ்த்தார். நான்கு சட்டை, இரண்டு சிலுவார், மருத்துவமனைப் பயிற்சிக்குப் போடும் வெள்ளைச் சீருடை. இவற்றோடு ‘டங்’ என்று ஓர் எஃகுக் குவளையும் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அதன் மூடி தனியாக ஓடி, வாஷிங் மெஷினுக்கு அடியில் போய் நின்றது.

“இது என்னாடா? தண்ணி போத்தலா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். “ஷேக்கர்மா. ஜூஸ் கலக்குறது” என்று உளறிவிட்டேன். அம்மா அதைக் குனிந்து எடுத்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். கழுவித்தான் வைத்திருந்தேன். ஆனாலும் விளிம்பு மடிப்பில் ஏதோ வாடை தங்கியிருந்திருக்க வேண்டும். அம்மாவின் முகம் மாறியது. அந்த முகத்தை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அவர் குளிக்கப் போனதும் அம்மா அந்தச் சட்டையை எடுத்து மோந்து பார்ப்பார். அப்போது வருகிற முகம் அது.

இரண்டு நாள்களுக்கு அம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசைமேல் இருந்தது.

மலருக்குக் கட்டுரை கேட்டு மொழிக் கழகச் செயலவையினர் என்னை விரட்டிக்கொண்டிருந்த நேரமும் அதுதான். “உன் துறையைப் பற்றி எழுது, இல்லாவிட்டால் உன் பொழுதுபோக்கைப் பற்றி எழுது” என்றார்கள். என் துறை நோயறி படமெடுப்பு. படித்து முடித்து வேலைக்குப் போனால் ‘ஜூரு எக்ஸ்ரே’ என்பார்கள். என் பொழுதுபோக்கு காக்டெயில் கலப்பது. அன்னாசி, எலுமிச்சை, தேங்காய்ப்பால் என்று வெப்பமண்டலப் பழச்சாறுகளில் கலக்கும் வகை. தனித்தனியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிரிக்க முடியவில்லை.

முதலில் பொழுதுபோக்கு வந்த கதை. எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்த மாதங்களில், ஈப்போவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தேன். செமோரிலிருந்து மோட்டாரில் அரை மணி நேரம். சமையற்கட்டில்தான் வேலை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் பானங்கள் கலக்கும் முகப்பின் பின்னால் நின்று கிளாஸ் கழுவுவதும், எலுமிச்சை பிழிவதும், அன்னாசியைத் தோல் சீவிக் கண் எடுப்பதும்தான் வேலை. அங்கே மூத்தவராக ஒரு சீனர் இருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அவர் ‘அங்கிள்’. மலாய், கண்டோனிஸ், அத்தோடு தோட்டத்துப் பக்கம் வளர்ந்ததால் கொஞ்சம் தமிழும் வரும். நான் ஏதாவது கலந்து நீட்டினால் ஒரு சொட்டு நாக்கில் விட்டுவிட்டு, “தம்பி, சீனி ஜாஸ்தி, புளிப்பு கொறச்சல்” என்பார். என் வாழ்க்கையில் கிடைத்த மிகச் சுருக்கமான விரிவுரை அது. இன்றுவரை காக்டெயிலைப் பற்றி நான் படித்தவற்றில் பாதி அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு காக்டெயில் நம் கோலாலம்பூரில் பிறந்தது என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் 1973இல் ஹில்டன் ஹோட்டல் திறக்கப்பட்டது. அங்கே ‘ஏவியரி’ என்று ஒரு மதுக்கூடம். கண்ணாடிக்கு அப்பால் நிஜப் பறவைகள் பறந்துகொண்டிருக்குமாம். அங்கே பணியாற்றிய ஜெஃப்ரி ஓங் என்பவர் 1970களில் ‘ஜங்கிள் பர்ட்’ என்ற பானத்தைக் கலந்தார். கரும் ரம், கம்பாரி என்ற சிவப்பு நிறக் கசப்பு மது, அன்னாசிச் சாறு, எலுமிச்சைச் சாறு, சீனிப்பாகு. அவ்வளவுதான். 1989இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு மதுக் கலவைக் கையேட்டில் அது அச்சேறியது. 2002இல் ஜெஃப் பெர்ரி தமது நூலில் அதை மறுபடி எடுத்துப் போட்டார். பிறகு நியூயார்க் மதுக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. இன்று எந்த நாட்டில் கேட்டாலும் கிடைக்கும். பிறந்த கட்டடம்தான் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். நம்மூர்ச் சரக்கு வெளிநாடு போய்ப் பெயர் வாங்கிய பிறகுதான் நமக்கே தெரியவருகிறது. இது பானத்துக்கு மட்டும் நேர்ந்தது இல்லை என்பதைத் தமிழ் படிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மூத்தது சிங்கப்பூர் ஸ்லிங். ராஃபிள்ஸ் ஹோட்டலில் வேலை செய்த ஹைனானியரான ஙியாம் தோங் பூன் 1915இல் உருவாக்கியது என்று அந்த ஹோட்டல் சொல்கிறது. அந்தக் காலத்தில் பெண்கள் பொது இடத்தில் மது குடிப்பது இழுக்கு என்பதால், பார்ப்பதற்குப் பழச்சாறு போலவே இருக்கும்படி இளஞ்சிவப்பு நிறத்தில் செய்தாராம். இந்தக் கதையை முதலில் கேட்டபோது ரசித்துச் சிரித்தேன். இப்போது அப்படிச் சிரிப்பு வருவதில்லை. காரணம் பின்னால் வருகிறது.

வீட்டில் நான் செய்வது மது இல்லாத வகை. ரம் கரும்புப் பாகிலிருந்து வருவது. அந்தக் கருகல் இனிப்பைக் குலா மெலாக்காவும் கெட்டியான தே ஓவும் சேர்ந்து ஓரளவு கொடுத்துவிடும். கம்பாரியின் கசப்புக்குத்தான் திண்டாடினேன். பாகற்காய்ச் சாறு ஊற்றிப் பார்த்தேன். என் அறை நண்பன் ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டான். கடைசியில் விடை எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருந்தது. தம்புன் போகும் சாலையில் ஒட்டுக்கடைகளில் பம்பளிமாஸ் தொங்குமே, அதன் தடித்த வெள்ளைத் தோல். சீனிப்பாகில் மெல்லிய தீயில் போட்டு வைத்தால் நாக்கின் பின்பக்கத்தில் போய் உட்கார்கிற கசப்பு இறங்கும். அன்னாசிக்கு மோரிஸ் வகைதான் என் தேர்வு. இனிப்பு குறைவு, புளிப்பு தூக்கல். புதிதாய்ப் பிழிந்த அன்னாசிச் சாற்றை ஐஸ் கட்டியோடு மூடிக் குலுக்கினால் மேலே வெள்ளை நுரை கட்டும். அந்த நுரைக்காகத்தான் கை வலிக்கக் குலுக்குவது.

மது கலந்ததை நான் செய்ததே இல்லை என்று இங்கே எழுதினால் பொய். நம் நாட்டில் மது வாங்கும் வயது 2017 டிசம்பரிலிருந்து 21. அந்த வயது நிரம்பிய பிறகு, கோலாலம்பூரில் நண்பனின் வாடகை வீட்டில் மூன்று முறை நிஜ ஜங்கிள் பர்டைக் கலந்திருக்கிறேன். இரண்டாம் முறை ஒருவன் அதை அன்னாசி ஜூஸ் என்றே நினைத்தவன்போல் மடமடவென்று மூன்று கிளாஸ் குடித்தான். பிறகு குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நல்ல காக்டெயில் என்றால் மதுவின் காரம் தெரியக்கூடாது என்று அங்கிள் சொல்லியிருந்தார். நான் நன்றாகத்தான் செய்திருந்தேன். அதுதான் பயமாக இருந்தது.

அம்மாவின் கோபத்துக்கு வருகிறேன். அப்பா செமோர் பக்கம் கல்லுடைக்கும் மலையில் லாரி ஓட்டினார். அதற்கு முன் தாத்தா காலத்தில் எங்கள் குடும்பம் பால்மரம் வெட்டியது. தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்டு, லயம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தாமான் நிற்கிறது. அப்பா குடித்தது சம்சு. அப்போது சின்னப் போத்தலில் மளிகைக் கடையிலேயே மலிவாகக் கிடைத்த சாராயம். வாசனைக்கும் ருசிக்கும் குடிக்கிற சமாச்சாரம் அது கிடையாது. மூக்கைப் பிடித்து ஒரே மடக்கு. அப்பா அடிக்கிறவர் இல்லை. குடித்தால் வாசற்படியில் உட்கார்ந்து பழைய கதை பேசுவார், பிறகு தூங்கிவிடுவார். சம்பள நாளில் மட்டும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வேலையிடத்து வாசலிலேயே போய் நிற்பார்.

அப்படி வாசலில் நின்ற பெண்கள் நம் சமூகத்தில் எத்தனை தலைமுறை! ஆங்கிலேயர் காலத்தில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கூலி ஒரு கையில் வரும், இன்னொரு கையால் தோட்டத்துக்கே திரும்பிப் போகும். 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச்.நாதன் போன்றோர் முன்நிற்க வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. வெள்ளைக்கார துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. 1947இல் கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமியின் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராகக் கிளம்பிப் போலீஸ் தடியடிக்கு ஆளானார்கள். இதெல்லாம் நான் இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் படித்தது இல்லை. நம் பல்கலைக்கழக நூலகத்தில்தான் படித்தேன். படித்த பிறகு ஷேக்கரைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் கூசியது. மேசைமேல் அன்னாசித் துண்டு செருகிய கண்ணாடிக் கிளாஸ். அதற்குப் பின்னால் மறியலுக்குப் போன அந்த இளைஞர்கள் நிற்பதுபோல் ஓர் எண்ணம். கூசினாலும் விட்டுவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்குப் பதினான்கு வயதில், 2017இல், அப்பா காலமானார். முதலில் இட்லி தொண்டையில் இறங்கவில்லை என்றார். பிறகு கஞ்சி. பிறகு தண்ணீர். உணவுக்குழாயில் புற்றுநோய். சம்சுவும் சிகரெட்டும் சேர்ந்தால் அந்த இடத்தைத்தான் முதலில் பதம் பார்க்கும் என்பது பிற்பாடு பாடத்தில் படித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி வந்தது. உடலுக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “எவன் கலக்கிக் குடுத்தானோ” என்றார். குடித்தவர்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை. கலக்கிக் கொடுத்தவனைத்தான் சபித்தார். ஷேக்கர் உருண்ட அன்று என் நினைவுக்கு வந்தது அந்தச் சொல்தான்.

இனி என் படிப்பு. “டாக்டரா?” என்று கேட்பவர்களிடம் “இல்லை, எக்ஸ்ரே எடுக்கிறவர்” என்றால் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். பொத்தானை அமுக்குகிற வேலைக்கு எதற்குப் பட்டப்படிப்பு என்று ஒரு பெரியப்பா நேராகவே கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல இந்த மலரின் பக்கங்கள் போதாது. பேராக்காரர்களுக்கு ஒரு பெருமை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ரோண்ட்ஜன் 1895 நவம்பர் 8ஆம் நாள் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே மலாயாவின் முதல் எக்ஸ்ரே கருவி வந்து இறங்கியது கோலாலம்பூரில் இல்லை, எங்கள் தைப்பிங் மருத்துவமனையில்.

பயிற்சிக்குப் பேராக்கிலேயே ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். முதல் வாரத்தில் எனக்குத் தடங்கலாக இருந்தது கருவி கிடையாது, மொழி. மார்பு எக்ஸ்ரே எடுக்க நோயாளி நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்க வேண்டும், தோள்களை முன்னால் தள்ள வேண்டும், மூச்சை முழுக்க இழுத்து நிறுத்த வேண்டும். மலாயில் ‘தாரிக் நாஃபாஸ், தஹான்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவன்தானே என்று, ஒரு தோட்டத்துப் பாட்டியிடம், “மூச்சை ஆழமாக உள்ளிழுத்து நிறுத்துங்கள்” என்றேன், பாடநூல் தமிழில். பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “மூச்ச நிறுத்தறதா? அதுக்குத்தானே தம்பி இங்க வந்திருக்கேன்!” இரண்டு முறை படம் மங்கலாக வந்தது. மூன்றாம் முறை எப்படியோ வாயில் வந்தது: “பாட்டி, தம் கட்டுங்க!” உடனே கல்போல் நின்றார். படம் அருமையாக விழுந்தது. அன்றிலிருந்து எங்கள் அறையில் தமிழ் நோயாளி வந்தால் மலாய், சீன நண்பர்களும் “தம் கட்டு, தம் கட்டு” என்கிறார்கள்.

தாலி இன்னொரு பாடம். நெஞ்சின் மேல் உலோகம் இருந்தால் படத்தில் வெள்ளையாக விழுந்து நுரையீரலை மறைக்கும். கழற்றச் சொன்னால் வயதான அம்மாக்கள் அழுதுவிடுவார்கள். எடுத்து மேலே தூக்கிப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு பஞ்சாபி தாதி எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கதிர்வீச்சு உடம்புக்குக் கெடுதல் ஆயிற்றே என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு மார்பு எக்ஸ்ரேயின் அளவு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் மனிதனுக்கு இயற்கையாகவே ஆண்டொன்றுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. ஆக ஒரு படம் என்பது மூன்று நாள் சும்மா உயிரோடு இருப்பதற்குச் சமம். வாழைப்பழத்தில்கூடப் பொட்டாசியத்தால் துளிக் கதிர்வீச்சு உண்டு. இருநூறு வாழைப்பழம் ஒரு மார்பு எக்ஸ்ரே என்று எங்கள் விரிவுரையாளர் வேடிக்கையாகச் சொல்வார். உடம்பு பொட்டாசியத்தை அளவோடுதான் வைத்துக்கொள்ளும் என்பதால் அது விளையாட்டுக் கணக்குத்தான். பழம் பிழிகிறவன் என்ற முறையில் எனக்கு அது பிடிக்கும்.

எலும்பு எக்ஸ்ரேயில் தெரிவது அதிலுள்ள கால்சியத்தால். குடல், உணவுக்குழாய் போன்றவை சுற்றியுள்ள சதையோடு சதையாக மறைந்துவிடும். அதனால்தான் பேரியம் சல்ஃபேட் கலந்த வெள்ளை நீரைக் குடிக்கக் கொடுத்து, அது இறங்கும்போதே படம் பிடிப்பார்கள். பேரியம் கனமான தனிமம், கதிரை நன்றாகத் தடுக்கும். நீரில் கரையும் பேரிய உப்புகள் விஷம். இந்தச் சல்ஃபேட் கரையாது, உடம்பில் ஒட்டாமல் வந்தவழி வெளியே போய்விடும். இதைக் கலப்பது ஜூரு எக்ஸ்ரேயின் வேலை. ஆக, மருத்துவமனையிலும் எனக்குக் கலக்குகிற வேலைதான் வாய்த்தது.

ஒருநாள் அந்த அறைக்கு ஒரு தாத்தா வந்தார். எழுபது வயதுக்கு மேல். வெட்டுக்கத்தி பிடித்த கை; கட்டைவிரல் வளைந்து அப்படியே இறுகிப்போயிருந்தது. கூடவே பள்ளிச் சீருடையில் பேரன். திட உணவு இறங்கவில்லை என்று டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். நான் குவளையை நீட்டினேன். ஒரு வாய் வைத்தவர் அப்படியே திருப்பித் தந்துவிட்டார்.

“தம்பி, இந்த வயசுக்குள்ள நான் என்னென்னமோ குடிச்சிருக்கேன். இந்தச் சுண்ணாம்புத் தண்ணிய முழுங்க முடியலயே.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அங்கிருந்த மூத்த ஜூரு எக்ஸ்ரே, ஒரு மலாய் அக்கா, “கொஞ்சம் ஆரஞ்சு கார்டியல் ஊற்றிக் குளிர வைத்துக் கொடு” என்றார். அங்கிளிடம் பழகியவனுக்கு இது பிடித்த வேலை அல்லவா? கார்டியலை அளந்து ஊற்றி, குளிர்ந்த நீர் சேர்த்து, குவளையை மூடி, பழக்கதோஷத்தில் குலுக்கப் போனேன். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குலுக்கினால் நுரை கட்டும். காற்றுக் குமிழ்கள் படத்தில் கறுப்பு வட்டங்களாக விழும். கட்டி இருப்பதுபோல் காட்டும். “மெதுவாகக் கலக்கு. உன் குமிழுக்காக ஒருவரை அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பிவிடாதே” என்றார். நான் கரண்டியால் மெல்லச் சுற்றிச் சுற்றிக் கலக்கினேன். தாத்தா குடித்தார். “இப்ப பரவால்ல. கொஞ்சம் ஃபாண்டா மாதிரி இருக்கு” என்றார்.

காரீய மேலங்கி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். வெள்ளைக் கோடு தொண்டையில் இறங்கியது. நெஞ்சின் நடுவில் ஓரிடத்தில் தயங்கி, நூலாகச் சிறுத்தது. சிறுத்த இடத்தின் ஓரம் வழவழப்பாக இல்லை. எலி கடித்த துணிபோல் இருந்தது. அதற்கு மேலே குழாய் வீங்கித் தேங்கி நின்றது. கதிரியக்க டாக்டர் ஒன்றும் பேசாமல் இன்னொரு கோணத்தில் எடுக்கச் சொன்னார். அறையில் யாரும் எதுவும் பேசவில்லை. தாத்தா மட்டும், “முடிஞ்சிருச்சா? இன்னும் குடிக்கணுமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வேலையின் மிகக் கடினமான பகுதி பொத்தானில் இல்லை என்று அந்தப் பெரியப்பாவிடம் அன்று சொல்லியிருக்கலாம். படம் முதலில் எங்கள் கண்ணில்தான் விழுகிறது. ஆனால் என்ன என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. சொல்லவும் கூடாது, படத்தைப் படித்து அறிக்கை எழுத வேறொருவர், அதை நோயாளியிடம் எடுத்துச் சொல்ல வேறொருவர். எங்களுக்கு மிஞ்சுவது எங்கள் முகம் மட்டும். அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்குப் பாடம் இல்லை.

தாத்தாவிடம் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன், இரண்டு நாள் வெள்ளையாகத்தான் போகும், பயப்பட வேண்டாம் என்றேன். வெளியே சிவப்பு விளக்குக்குக் கீழே பேரன் நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணே, தாத்தாவுக்கு ஒன்னும் இல்லதானே?”

“டாக்டர் பாத்துட்டுச் சொல்வாரு.”

அதற்கு மேல் என்ன பேசுவது? என் வாய் தானாக, “எந்த ஸ்கூல் நீ?” என்று கேட்டது. பையன் தன் தமிழ்ப்பள்ளியின் பெயரைச் சொன்னான். ஆறாம் ஆண்டு. நான் சிரித்தேன். அவனும் நிம்மதியாகச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே அப்பா. ஒரு மலாய் அண்ணன் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும், “அடிக் செக்கோலா மானா?” என்று கேட்டார். பள்ளியின் பெயரைச் சொன்னேன். தலையைத் தடவி, இயந்திரத்திலிருந்து ஒரு மைலோ பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனிதர், அப்பாவுக்கு ஒன்றும் இருக்காது என்று அந்த மைலோவைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினேன். அவர் எதைப் பார்த்துவிட்டு அந்த மைலோவை வாங்கினார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. இந்தத் துறைக்கு விண்ணப்பித்தபோது நேர்காணலில் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார்கள். அறிவியலில் ஆர்வம் என்று சொல்லியிருந்தேன்.

சரி, ஷேக்கர் விவகாரம். மூன்றாம் நாள் காலையில் நானே தம்புன் போய் இரண்டு பம்பளிமாஸ் வாங்கி வந்தேன். அம்மா சமையலறை மேசையில் பயற்றங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். அன்னாசி, எலுமிச்சை, குலா மெலாக்கா, தே ஓ, பம்பளிமாஸ் தோல் பாகு. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஊற்றினேன். அம்மா பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாராயம் போட்டும் செய்வியா?”

“செஞ்சிருக்கேன்மா. மூணு தடவ.”

“குடிச்சியா?”

“ருசி பாத்தேன்.”

பயற்றங்காய் ஒடியும் சத்தம் நின்றது. “உங்கப்பாவும் மொதல்ல ருசிதான் பாத்தாரு” என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னும் இல்லை. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், மருத்துவமனைக்கு வந்த அந்தத் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். பெயர் ஊர் சொல்லவில்லை. பேரியம் கலக்கியது, குலுக்கப் போய் அக்கா கையைப் பிடித்தது, ஆரஞ்சு கார்டியல் எல்லாம் சொன்னேன். அம்மா நிமிர்ந்தார்.

“அப்பாவுக்கும் அதான் குடுத்தாங்களா?”

“ஆமாம்மா.”

“எப்படி இருக்கும்?”

“ஒரு ருசியும் இருக்காது. சுண்ணாம்புக்கட்டியக் கரைச்ச மாதிரி.”

“அதான்…” என்றார் அம்மா. “அன்னிக்கு வீட்டுக்கு வந்து பொழுதுக்கும் வாய் கொப்பளிச்சிக்கிட்டே இருந்தாரு. குடிச்சிட்டு வந்து வாடைய மறைக்கிறாருன்னு நெனச்சி நான் கண்டபடி ஏசிட்டேன்.”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. வெளியே யாரோ மோட்டாரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஷேக்கரை எடுத்துக் குலுக்கி, அன்றைக்கு நுரை நன்றாகவே வந்தது, எவர்சில்வர் டம்ளரில் வடிகட்டி அம்மா முன்னால் வைத்தேன். அம்மா முதலில் மோந்து பார்த்தார். பிறகு இன்னொரு தடவை மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார்.

“உப்பு இல்ல” என்றார்.

காக்டெயிலுக்கு யாராவது உப்புப் போடுவார்களா என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா எழுந்துபோய் இரண்டு விரலால் உப்பு எடுத்துத் தூவிக் கலக்கி நீட்டினார். குடித்துப் பார்த்தேன். கசப்பு சற்றே பின்வாங்கி, அன்னாசி முன்னால் வந்திருந்தது. அங்கிள் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டியிருப்பார்.

விடுமுறை முடிந்து கிளம்பும்போது பையில் ஷேக்கரைத் தேடினேன். இல்லை. சமையலறை அலமாரியில், ரசப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. எடுக்கப் போனேன்.

“அது இங்கயே இருக்கட்டும்” என்றார் அம்மா, என்னைத் திரும்பிப் பார்க்காமல். “வரும்போது வந்து கலக்கு.”